இலண்டன் பள்ளி வாரியத் தேர்தல்கள் (1870–1904): போட்டியிடும் உரிமையும் வாரியம் எதிர்கொண்ட சிக்கல்களும்

முன்னுரை

கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் பாடத்திட்டங்களையுமே சான்றாகக் கொள்கின்றனர். பள்ளியை நடத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அவர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்னும் வினாக்கள் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. கல்விக்கென்றே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தனி அமைப்பு ஒன்று இங்கிலாந்தில் 1870 முதல் 1904 வரை இயங்கியது. ‘பள்ளி வாரியம்’ எனப்பட்ட அவ்வமைப்புகளுள் மிகப் பெரியது இலண்டன் பள்ளி வாரியம் ஆகும். அதன் தேர்தல்களில் யார் போட்டியிட முடிந்தது, வென்றவர்கள் எத்தகைய சிக்கல்களைச் சந்தித்தனர், சிறப்பாக இயங்கிய அமைப்பு ஏன் கலைக்கப்பட்டது ஆகியவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வாரியத்தின் முதல் தலைவர் இந்தியாவில் ஆட்சித் தலைவராக இருந்தவர். அதன் உறுப்பினருள் ஒருவர் பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து இந்திய அரசியலில் பங்கேற்றவர். எனவே இப்பொருள் நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

1870ஆம் ஆண்டுச் சட்டம்

1870க்கு முன்னர் இங்கிலாந்தில் ஏழைக் குழந்தைகளின் கல்வி பெரும்பாலும் திருச்சபை சார்ந்த சங்கங்களின் கையில் இருந்தது. அரசு அவற்றுக்கு மானியம் வழங்கியதே தவிரத் தானே பள்ளி நடத்தவில்லை. தொழில் நகரங்களில் மக்கள்தொகை பெருகியபோது இப்பள்ளிகள் போதவில்லை. வில்லியம் ஃபார்ஸ்டர் கொண்டுவந்த தொடக்கக் கல்விச் சட்டம் 1870 ஆகஸ்டில் நிறைவேறியது. நாடு பள்ளி மாவட்டங்களாகப் பகுக்கப்பட்டது. பள்ளியிடம் போதாத மாவட்டங்களில் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் வாரியம் அமைந்தது. பள்ளி கட்டவும் உள்ளூர் வரியிலிருந்து பணம் பெறவும் விரும்பினால் வருகையைக் கட்டாயமாக்கவும் அவ்வாரியத்துக்கு அதிகாரம் கிடைத்தது.

தேர்தல் விதிகளுள் இரண்டு இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, வாக்குரிமை வரி செலுத்துவோருக்கு உரியதாயிற்று. ஆகவே தம் பெயரில் வரி செலுத்திய கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் வாக்களித்தனர். வேட்பாளராக நிற்பதற்குப் பெண் என்பது தடையாக இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த 1918க்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முற்பட்டது இது. இரண்டாவது, குவிவாக்கு முறை. ஒரு தொகுதியில் எத்தனை இடங்கள் உள்ளனவோ அத்தனை வாக்குகள் ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. அவற்றைப் பலருக்குப் பகிரலாம், ஒருவருக்கே முழுமையும் அளிக்கலாம்.

சிறுபான்மையினரும் இடம் பெறவேண்டும் என்பதே குவிவாக்கின் நோக்கம். அதன் விளைவைப் பர்மிங்காம் நகரம் உடனே கண்டது. 1870இல் அங்கு 15 இடங்களுக்கு 15 வேட்பாளர்களையும் நிறுத்திய தாராளக் கட்சியினரின் வாக்குகள் சிதறின. அறுவர் மட்டுமே வென்றனர். தம் வாக்குகளை ஒருவருக்கே குவித்த கத்தோலிக்கரோ தம் வேட்பாளரை எளிதில் வெற்றிபெறச் செய்தனர். சிறிய குழுவின் குரலைக் காத்த அதே முறை, சமயப் பிரிவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே அணிதிரளவும் வழிசெய்தது. இவ்விரு பயன்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க இயலவில்லை என்பது வாரியங்களின் வரலாறு முழுவதிலும் புலனாகின்றது.

முதல் தேர்தலும் வேட்பாளரும்

இலண்டன் நகரம் பத்துத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு 49 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது. 1870 நவம்பர் 29 அன்று தேர்தல் நடந்தது. இந்தியாவின் ஆட்சித் தலைவராக 1864 முதல் 1869 வரை இருந்த ஜான் லாரன்சு வாரியத்தின் முதல் தலைவரானார். அறிவியலறிஞர் தாமஸ் ஹக்சுலியும் உறுப்பினராகி, பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

மேரிலபோன் தொகுதியில் ஹக்சுலியைவிட மும்மடங்குக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றவர் எலிசபெத் கேரட். அவர் பெற்ற 47,858 வாக்குகள் இலண்டன் முழுவதிலும் மிகுதியானவை. பிரித்தானியாவில் மருத்துவத் தகுதி பெற்ற முன்னோடிப் பெண்ணான இவர், 1866 முதல் அப்பகுதியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தகம் நடத்திவந்தார். அவரைப் போட்டியிட அழைத்தவர்களுள் அம்மருந்தகத்துக்கு வந்த பெண்களின் கணவர்களான உழைப்பாளர்களும் இருந்தனர். கட்சி அமைப்பின் துணையைக் காட்டிலும் அண்டை வீட்டாரின் நம்பிக்கையே அவரது வெற்றிக்கு அடித்தளமாயிற்று எனலாம். பெண்களின் உயர்கல்விக்கு உழைத்த எமிலி டேவிஸ் கிரீனிச் தொகுதியில் வென்றார். மான்செஸ்டரில் வென்ற லிடியா பெக்கர் 1890இல் மறையும்வரை அவ்வூர் வாரியத்தில் பணியாற்றினார்.

பெண்களோடு உழைக்கும் வகுப்பினரும் இவ்வாயிலின் வழியே பொதுவாழ்வில் நுழைந்தனர். அறைகலன் செய்யும் தொழிலாளரான பெஞ்சமின் லூக்ராஃப்ட் ஃபின்ஸ்பரித் தொகுதியில் வென்று 1890 வரை தொடர்ந்து உறுப்பினராக இருந்தார். எனினும் இதனை மிகைப்படுத்திக் கூறுதல் தகாது. உறுப்பினர் பதவிக்கு ஊதியம் இல்லை. நாள்தோறும் கூலிக்கு உழைப்பவர் வேலைநேரத்தில் கூட்டங்களுக்கு வருவது அரிது. நாடாளுமன்றத் தொகுதியை ஒத்த பரப்பில் வாக்குக் கேட்கப் பணமும் ஆள்துணையும் வேண்டியிருந்தன. சட்டம் அனைவருக்கும் திறந்த கதவின் முன்னே வறுமை ஒரு படியாக நின்றது.

வாரியம் எதிர்கொண்ட சிக்கல்கள்

வாரியத்தின் முதற்சிக்கல் பணம். உள்ளூர்க் கல்வி வரி பவுண்டுக்கு மூன்று பென்னியைத் தாண்டாது என ஃபார்ஸ்டர் மதிப்பிட்டிருந்தார். இலண்டனில் அம்மதிப்பீடு விரைவில் பொய்த்தது. நிலம் வாங்கவும் கட்டடம் எழுப்பவும் ஆசிரியருக்கு ஊதியம் தரவும் செலவு பெருகியது. 1871இல் வாரியத்தின் கட்டடக் கலைஞராக அமர்த்தப்பட்ட எட்வர்டு ராப்சன் வடிவமைத்த பல மாடிப் பள்ளிகள் ஏழைக் குடியிருப்புகளின் நடுவே உயர்ந்து நின்றன. ஏழைப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு என்னும் வினா ஒவ்வொரு தேர்தலிலும் எழுந்தது. சிக்கனம் பேசிய அணியும் விரிவாக்கம் பேசிய அணியும் மாறிமாறி வலுப்பெற்றன.

இரண்டாவது சிக்கல் வருகை. இலண்டன் வாரியம் 1871இலேயே கட்டாய வருகைக்குத் துணைவிதி இயற்றியது. நாடு முழுவதும் அது கட்டாயமானது 1880இல்தான். குழந்தை ஈட்டும் சில பென்னிகளும் குடும்பத்துக்குத் தேவைப்பட்ட நிலையில், பள்ளிக் கட்டணமும் சேர்ந்து பெற்றோரை அழுத்தியது. வாரியத்தின் வருகைப் பார்வையாளர்கள் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தனர். சார்லஸ் பூத் 1886இல் தொடங்கிய இலண்டன் வறுமை ஆய்வுக்கு இப்பார்வையாளரின் பதிவுகளே முதன்மைத் தரவாயின. பள்ளியைத் தேடி வராத குழந்தையை வாரியம் தேடிச் சென்றபோது, நகரம் தன் வறுமையின் அளவை அறிந்துகொண்டது.

மூன்றாவது சிக்கல் சமயம். வாரியப் பள்ளிகளில் எந்தவொரு சமயப்பிரிவுக்கும் உரிய வினாவிடை நூலையோ கோட்பாட்டு வாசகத்தையோ கற்பித்தல் கூடாது என 1870ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு விதித்தது. விவிலியத்தைப் பிரிவுச் சார்பின்றிப் படிக்கலாம் என 1871இல் இலண்டன் வாரியம் சமரசம் கண்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின் இச்சமரசம் உடைந்தது. திருச்சபைச் சார்பு உறுப்பினர் ஆசிரியர்களுக்குச் சமயக் கோட்பாடு பற்றிய சுற்றறிக்கை அனுப்ப முனைந்தனர். 1894ஆம் ஆண்டுத் தேர்தல் இப்பூசலையே மையமாகக் கொண்டு நிகழ்ந்தது. குழந்தைகளின் கல்வியைப் பற்றிய தேர்தல், பெரியோரின் சமயச் சண்டைக்குக் களமாகிவிடும் இடர் இதனால் வெளிப்பட்டது.

அன்னி பெசண்டின் மூன்றாண்டுகள்

இவ்வாரியத்துக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு அன்னி பெசண்டின் வாழ்வில் தெளிவாகக் காணப்படுகின்றது. அவரது இறைமறுப்பையும் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலை வெளியிட்டமையையும் காட்டி, மகளை வளர்க்கத் தகுதியற்றவர் என 1878இல் நீதிமன்றம் மகளை அவரிடமிருந்து பிரித்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1888இல், தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற அதே ஆண்டில், கிழக்கு இலண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் தொகுதியில் அவர் போட்டியிட்டார். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று முதலிடத்தில் வென்றார். தன் குழந்தையை வளர்க்கத் தகாதவர் என்று நீதிமன்றத்தால் ஒதுக்கப்பட்டவரை, தம் குழந்தைகளின் கல்வியைக் காக்கத் தக்கவர் என்று வாக்காளர் தேர்ந்தனர். தேர்தல் என்னும் அமைப்பின் பொருளை இதனினும் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சியைக் காண்பது அரிது.

வாரியத்தில் அவர் இலவசக் கல்வி, பசித்த குழந்தைகளுக்கு உணவு, வாரிய ஒப்பந்தங்களில் நியாயக் கூலி ஆகியவற்றுக்காக வாதாடினார். 1891ஆம் ஆண்டுச் சட்டம் மானியம் வழங்கியதால் தொடக்கக் கல்விக் கட்டணம் பெரும்பாலும் நீங்கியது. பள்ளி உணவுக்கான சட்டமோ 1906இல்தான் வந்தது. 1891இல் மீண்டும் போட்டியிடாத அவர், 1893இல் இந்தியா வந்து, 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவுவதில் முன்னின்றார். 1907இல் பிரம்மஞான சபையின் தலைவரானார். 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்தியப் பெண்கள் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. அச்சங்கம் பெண்களின் வாக்குரிமையை வலியுறுத்தியது. 1921இல் சென்னை மாகாணம் அவ்வுரிமையை ஏற்றது. வாக்குக் கேட்டு வென்ற பட்டறிவு அவரது பிற்காலப் பொதுப்பணிக்கு உரமூட்டியிருத்தல் கூடும் எனக் கருத இடமுண்டு.

கலைப்பு

வாரியங்கள் தோல்வியுற்றமையால் கலைக்கப்படவில்லை. தமக்கு வகுத்த எல்லையைத் தாண்டி வளர்ந்தமையே அவற்றுக்குக் கேடாயிற்று. தொடக்கப் பள்ளியை முடித்த மாணவர்களுக்கு வாரியங்கள் உயர்நிலை வகுப்புகளையும் அறிவியல் வகுப்புகளையும் நடத்தின. தொடக்கக் கல்விக்கென விதித்த வரியை இவற்றுக்குச் செலவிடல் சட்டப்படி தகாது எனத் தணிக்கையாளர் காக்கர்டன் 1899இல் மறுத்தார். 1901இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. 1902ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாரியங்களைக் கலைத்து, மாவட்ட, நகர மன்றங்களிடம் கல்வியை ஒப்படைத்தது. இலண்டன் வாரியம் 1903ஆம் ஆண்டுத் தனிச் சட்டத்தின்படி 1904இல் முடிவுற்றது.

சீர்திருத்தத்துக்குக் காரணங்கள் இருந்தன. சிறு வாரியங்கள் பலவற்றுக்கு ஓர் ஆசிரியருக்கு ஊதியம் தரும் வலிமைகூட இல்லை. இடைநிலைக் கல்விக்கு ஒருங்கிணைந்த ஆட்சி தேவைப்பட்டது. ஆயினும் இழப்பும் உண்டு. மாவட்ட, நகர மன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் உரிமை பெண்களுக்கு 1907 வரை இல்லை. ஆகவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்தலில் வென்று வந்த பெண்கள், புதிய கல்விக் குழுக்களில் நியமன உறுப்பினராக மட்டுமே அமர முடிந்தது. வாக்காளர் தந்த இடத்தை ஒருவர் அளிக்கும் இடம் ஈடுசெய்யாது.

இந்தியச் சூழலில் ஓர் ஒப்புநோக்கு

தணிக்கைத் தடையால் கல்விப்பணி முடங்கியமைக்குச் சென்னையிலும் ஓர் இணைநிகழ்வு உண்டு. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கிப் பின் வேறு சில பள்ளிகளுக்கும் விரித்தது. அச்செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து ஏற்க ஆட்சியாளர் ஒப்பாமையால் 1925இல் அது நின்றது. பசியைப் போக்குவது கல்விச் செலவா என்னும் வினாவுக்கு உள்ளூர் மன்றம் ஒரு விடையும் கணக்கேடு மற்றொரு விடையும் தந்தன.

இன்று அரசமைப்பின் 11ஆம் அட்டவணை தொடக்க, இடைநிலைக் கல்வியை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களுள் ஒன்றாகக் குறிக்கின்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரும் பாதியளவு பெண்களும் இடம்பெற வழிசெய்கின்றது. இலண்டனில் பெண்கள் வாக்குக் கேட்டுப் பெற்ற இடம் இங்குச் சட்டத்தாலேயே உறுதி செய்யப்பட்டுள்ளது. ஆனால் வரி விதிக்கவும் ஆசிரியரை அமர்த்தவும் வாரியம் பெற்றிருந்த அதிகாரம் இக்குழுக்களுக்கு இல்லை. அங்கே அதிகாரம் இருந்தது, எல்லாருக்கும் வழி இல்லை. இங்கே வழி திறந்துள்ளது, அதிகாரம் குறைவு.

முடிவுரை

இலண்டன் பள்ளி வாரியத்தின் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். கல்விக்கெனத் தனியே நடந்த தேர்தல், அதுவரை பொதுவாழ்வில் இடம்பெறாத பெண்களுக்கும் உழைப்பாளருக்கும் முதற்படியாக அமைந்தது. குவிவாக்கு முறை சிறுபான்மையினரைக் காத்ததோடு சமயப் பிளவுகளையும் தேர்தலுக்குள் கொணர்ந்தது. நிருவாகச் செம்மையை நாடிய சீர்திருத்தம் பெண்களின் தேர்ந்தெடுக்கப்படும் உரிமையைத் தன்னையறியாமலே பறித்தது. கல்வி ஆட்சியை மாற்றியமைக்கும் எச்சட்டத்தையும் ஆராய்வோர், அது எதனை ஒருங்கிணைக்கின்றது என்பதோடு யாரை வெளியே நிறுத்துகின்றது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.