பெயரும் பொருளும்: 'ஆதிதிராவிடர்' என்னும் சொல்லாட்சியின் வரலாறு

முன்னுரை

ஒரு மக்கள் பிரிவைக் குறிக்கும் சொல் வெறும் அடையாளக் குறி அன்று. அப்பிரிவு எவ்வாறு தோன்றியது, அதன் இன்றைய நிலைக்கு யார் பொறுப்பு, அது எதைக் கோரலாம் என்பன குறித்த ஒரு வரலாற்றுக் கருத்தை அச்சொல் தன்னுள் கொண்டிருக்கிறது. சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மக்களைக் குறிக்க வழங்கிய சொற்கள் பல. பறையர், பஞ்சமர், சாதிபேதமற்ற திராவிடர், ஆதிதிராவிடர், அரிசனர், தாழ்த்தப்பட்டோர், பட்டியல் சாதியினர் என அவை நீள்கின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளும் வழக்கம் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. அவை ஒருபொருள் குறித்தவை அல்ல என்பதையும், ஒவ்வொன்றும் வெவ்வேறு வாதத்தை முன்வைத்தது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஒரு பெயர், இரு நிலைப்பாடுகள்

இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவுபடுத்தப் பயன்பட்ட சொல்லையே இதழின் முகப்பில் அச்சிட்டது தற்செயலன்று. பெயரை மறைத்து வாழ்பவர் அப்பெயரால் உரிமை கோர இயலாது என்பது அவர் நிலைப்பாடு. சொல்லின் இழிவு அச்சொல்லில் இல்லை, அதைச் சொல்பவரின் நோக்கிலேயே இருக்கிறது என்பது இதன் உட்கிடை.

அவருடைய உறவினரான அயோத்திதாசப் பண்டிதர் இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டார். 1891-இல் திராவிட மகாஜன சபையையும், 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும் நிறுவியவர் அவர். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவர் கருத்தில், பறையர் என்பது பூர்வ பௌத்தர்மீது பகைவர் சுமத்திய பெயர். அதை ஏற்பது பகைவர் எழுதிய வரலாற்றை ஏற்பதாகும். 'பஞ்சமர்' என்னும் சொல்லையும் அவர் ஏற்கவில்லை. ஐந்தாமவர் என்று சொல்வதற்கு முதல் நான்கு வருணங்களை முன்னதாக ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? எனவே எண்ணிக்கைக்கு வெளியே நிற்கும் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்னும் தொடரை அவர் கையாண்டார்.

இருவரும் நாடியது ஒரே மக்களின் விடுதலையை. எனினும், சீனிவாசனுக்குப் பெயர் நிகழ்கால அரசியலின் கருவி. அயோத்திதாசருக்கு அது கடந்தகாலம் பற்றிய சான்று. இவ்வேறுபாட்டை உணராமல் இரண்டையும் 'தலித் இதழியல்' என்னும் ஒரே தலைப்பில் அடக்கும்போது, அவர்களுக்கிடையே நிகழ்ந்த விவாதமே மறைந்துபோகிறது.

'ஆதி' என்னும் முன்னொட்டு

கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல் 1856-இல் வெளிவந்தது. மொழிக்குடும்பத்தைக் குறிக்க அவர் நிலைநிறுத்திய 'திராவிட' என்னும் சொல் விரைவில் மக்களைக் குறிக்கும் சொல்லாயிற்று. பறையரும் திராவிடரே என்று வாதிடும் பிற்சேர்க்கை ஒன்றும் அவர் நூலில் இடம்பெற்றது. 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் அதற்கும் ஒரு படி மேலே சென்றது. 'திராவிடர்' என்பது சமத்துவக் கோரிக்கை. 'ஆதி' என்பது முன்னுரிமைக் கோரிக்கை. நாங்களும் திராவிடரே என்பதன்று, நாங்களே முதல்வர் என்பது அதன் பொருள்.

சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா இதற்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1922-இல் அரசு, பறையர், பஞ்சமர் ஆகிய பெயர்களுக்கு மாற்றாகத் தமிழ்ப் பகுதிகளில் 'ஆதிதிராவிடர்' என்பதையும், தெலுங்குப் பகுதிகளில் 'ஆதிஆந்திரர்' என்பதையும் ஏற்றது. மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது இங்குக் குறிப்பிடத்தக்கது.

ஆனால் ஆணை, பழைய சொல்லை முற்றாக நீக்கவில்லை. 1950-இல் வெளியான பட்டியல் சாதியினர் ஆணையில் 'ஆதிதிராவிடர்' ஒரு பதிவாகவும், 'பறையர்' மற்றொரு பதிவாகவும் இடம்பெற்றன. மாற்றுப்பெயராகக் கருதப்பட்டது, பழைய பெயருக்கு அருகில் நிற்கும் தனிப்பெயராயிற்று.

வினையின் இலக்கணம்

ஆங்கில ஆட்சி 'டிப்ரஸ்டு கிளாசஸ்' என்னும் தொடரை வழங்கியது. எம்.சி. ராஜா 1925-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்போ 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்னும் பொருளுடையது. முன்னது ஒரு நிலையை வருணிக்கிறது. பின்னது ஒரு செயலைக் குற்றஞ்சாட்டுகிறது.

தமிழில் இவ்வேறுபாடு வினைவடிவிலேயே அமைந்துள்ளது. 'தாழ்ந்தோர்' என்பது தன்வினை. தாழ்வு அவர்களிடமே நிகழ்ந்ததாகப் பொருள்படும். 'தாழ்த்தப்பட்டோர்' என்பது பிறவினையினின்று பிறந்த செயப்பாட்டு வடிவம், 'யாரால்?' என்னும் வினாவை அது எழுப்பிவிடுகிறது. எனினும் அவ்வினாவிற்கு அது விடை தருவதில்லை. செயலைச் சுட்டிச் செய்தவரைச் சுட்டாமல் விடுவது செயப்பாட்டுவினையின் இயல்பு. எல்லாத் தரப்பினரும் தயக்கமின்றி இச்சொல்லைக் கையாள முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

1933-இல் காந்தி தொடங்கிய வார இதழின் பெயரால் பரவிய 'அரிசன்' என்னும் சொல்லில் செயலும் இல்லை, செய்தவரும் இல்லை. கடவுளின் மக்கள் என்று கூறும்போது, மனிதர் மனிதருக்கு இழைத்தது மறைந்துவிடுகிறது. இச்சொல்லுக்கு எதிராக 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கரின் கட்சியினர் வெளிநடப்புச் செய்தனர். பெயரைச் சூட்டும் உரிமை யாருக்கு என்பதே அங்கு எழுந்த வினா.

சொல் மாறியும் பொருள் மாறாமை

'சேரி' என்பதன் வரலாறு இவ்வாய்வுக்கு எதிர்நிலைச் சான்றாகிறது. பழந்தமிழில் அது மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த பொதுச்சொல். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என அடைகொடுத்தே குறிக்கின்றன. அடை தேவைப்பட்டதால், சேரி என்னும் சொல் தனித்து நின்று இழிவு சுட்டவில்லை என்பது பெறப்படுகிறது. பின்னாளில் அடை மறைந்து, அடையின் பொருள் சொல்லில் ஏறியது. இழிவு நீங்கப் புகுந்த 'காலனி' என்னும் சொல்லும் அதே நிலையை அடைந்தது. அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊரும் குடியிருப்பும் பிரிந்தே இருக்குமளவும், பிரிவினையைக் குறிக்க வரும் எச்சொல்லும் அப்பொருளையே ஏற்கும்.

அவ்வாறெனில் பெயர்மாற்றம் பயனற்றதா? 'பஞ்சமி நிலம்' என்னும் வழக்கு இதற்கு விடை தருகிறது. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்கீர் அளித்த அறிக்கையை அடுத்து, 1892-இல் இம்மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அந்நிலம் பிற சாதியினருக்குக் கைமாறலாகாது என்னும் நிபந்தனையும் உண்டு. பஞ்சமர் என்னும் சொல் வழக்கொழிந்தது. ஆனால் நிலமீட்புக் கோரிக்கையில் 'பஞ்சமி' என்னும் சொல் இன்றும் வாழ்கிறது. ஏனெனில் உரிமை அப்பெயரில்தான் பதிவாகியுள்ளது. அயோத்திதாசர் மறுத்த சொல்லின் வழிவந்ததே, நிலம் இழந்தவரின் சான்றாக நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஒரு சொல்லின் மதிப்பை அதன் அகராதிப் பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை. அதை யார் தேர்ந்தார், எந்த ஆவணத்தில், எதைக் கோருவதற்கு என்பவையும் முடிவு செய்கின்றன. இரண்டாவது, பழைய இதழ்களையும் ஆணைகளையும் மறுபதிப்புச் செய்வோர் இன்றைய நாகரிகம் கருதி அவற்றின் சொற்களைத் திருத்தலாகாது. 1893-ஆம் ஆண்டு இதழில் 'பறையர்' என்பதை 'ஆதிதிராவிடர்' என மாற்றினால் சீனிவாசனின் வாதம் அழியும். நிலப்பதிவேட்டில் 'பஞ்சமி' என்பதை நீக்கினால் ஒரு குடும்பத்தின் உரிமையே அழியக்கூடும். இன்றைய உரையில் மக்கள் விரும்பும் பெயரை வழங்குவதும், பழைய ஆவணத்தில் உள்ள பெயரை உள்ளவாறே காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முன்னது மரியாதை, பின்னது சான்று. வரலாற்றாய்வுக்கு இரண்டும் வேண்டும்.