திரும்பாத அணைக்கு ஏன் திருப்புத்திறன்?

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. சக்கரமும் அல்ல, பம்பரமும் அல்ல. கல்லும் காரையுமான சுவர். ஆனாலும் அதன் உறுதியைக் கணக்கிடுகிறவர் 'நிலைமத் திருப்புத்திறன்' என்ற சொல்லைத் தொடாமல் தப்ப முடியாது. அசையாத சுவருக்குச் சுழலும் பொருளின் சொல் எப்படி வந்தது?

ஆங்கிலத்தில் அது 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா', சுருக்கமாக 'எம்.ஐ.' 'இனர்ஷியா' என்றால் லத்தீனில் திறமையின்மை, சோம்பல். 17ஆம் நூற்றாண்டில் கெப்ளர் அதைப் பொருள்களின் மந்த இயல்புக்குச் சூட்டினார். தமிழில் அந்த வசவு போய்விட்டது. இருந்த நிலையில் இருப்பதே நிலைமம். இலங்கைத் தமிழர் 'சடத்துவம்' என்கிறார்கள்; அதில் பழைய இகழ்ச்சி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. 'மொமென்ட்' தராசைச் சாய்க்கும் சிறு எடையைக் குறித்த சொல்லின் வழி வந்தது. அதைவிடத் 'திருப்புத்திறன்' தெளிவு என்றே சொல்ல வேண்டும். இரண்டையும் இணைத்துச் சுழலும் பொருளுக்குப் பெயரிட்டவர் ஆய்லர், 1765இல் வெளிவந்த நூலில்.

உத்திரங்களின் வளைவைக் கணக்கிட்ட பொறியாளர்களுக்கும் அதே சூத்திரம்தான் கிடைத்தது. ஒவ்வொரு துணுக்கையும் அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஆனால் இங்கே துணுக்கு என்பது நிறை அல்ல, பரப்பு. நிறையே இல்லாத இடத்தில் நிலைமம் ஏது? 'பரப்பின் இரண்டாம் திருப்புத்திறன்' என்பதே பொருந்தும் பெயர். வகுப்பறையில் ஆள்வதோ 'எம்.ஐ.'

பெரியாறு அணை இன்று ஒரே பொருளால் ஆனதல்ல. பொறியாளர் பென்னிகுவிக் அதைக் கட்டியது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையில். சுர்க்கி என்பது செங்கல் பொடி. பாரசீகத்தில் 'சுர்க்' என்றால் சிவப்பு. 1979க்குப் பிறகு உச்சியில் கான்கிரீட் தொப்பி, உள்ளே எஃகு வட நங்கூரங்கள், பின்புறம் கான்கிரீட் தாங்கல் என்று சேர்ந்தன.

பழையதும் புதியதும் ஒட்டினவா என்பதுதான் இங்கே கேள்வி. சம தடிமனுள்ள இரண்டு சுவர்கள் ஒட்டாமல் அருகருகே நின்றால், எம்.ஐ. ஒற்றைச் சுவருடையதைப்போல் இருமடங்கு. பிணைந்து ஒன்றானால் எட்டு மடங்கு! பொது அச்சு நடுவுக்கு வந்துவிடுவதால், ஒவ்வொரு சுவரின் சொந்த மதிப்பு 1 பங்கோடு, பரப்பைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி வரும் 3 பங்கும் சேர்கிறது. சுர்க்கிக்கும் கான்கிரீட்டுக்கும் விறைப்பு வேறு என்பதால், ஒன்றின் பரப்பை மற்றதற்கு ஈடாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்.

1979இல் 136 அடிக்கு இறக்கிய நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்த உச்ச நீதிமன்றம் 2006இலும் 2014இலும் அனுமதித்தது, இந்தப் பலப்படுத்தலுக்குப் பிறகுதான்.

மீண்டும் பெயருக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில் படிப்பைத் தமிழ்வழியில் தொடங்கியது. அதற்குப் பாடநூல் எழுதுவோர் நிலைமத்தைச் சக்கரத்துக்கே விட்டுவிட்டு, அணைக்கும் உத்திரத்துக்கும் 'இரண்டாம் திருப்புத்திறன்' என்றே எழுதலாம். சூத்திரத்தில் ஓர் எழுத்தும் மாறாது.