முத்தடுப்பு ஊசி சுமந்த பழி

இன்னைக்கு கொஞ்சம் நீளமான திரெட். ஒரு தடுப்பூசி முப்பது வருஷத்துக்கு மேல சுமந்த பழியையும், ஒரு மரபணு வந்து அதைத் துடைச்ச கதையையும் பார்ப்போம்.

நல்லா சிரிச்சு விளையாடிட்டு இருக்கிற ஆறு மாசக் குழந்தை. முத்தடுப்பு ஊசி போடுறாங்க. ராத்திரி காய்ச்சல், கூடவே அரை மணி நேரம் நிற்காத வலிப்பு. அதுக்கப்புறம் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வலிப்பு. இரண்டு வயசுக்குள்ள பேச்சும் நடையும் பின்தங்க ஆரம்பிக்குது. நீங்க அந்தக் குழந்தையோட அம்மாவா இருந்தா எதைக் குறை சொல்வீங்க? ஊசியைத்தானே!

1974இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை டாக்டர்களும் அப்படித்தான் சந்தேகப்பட்டாங்க. முத்தடுப்பில் இருக்கும் கக்குவான் இருமல் பகுதிதான் மூளையைக் கெடுத்திருக்கும்னு, 36 குழந்தைகளைப் பற்றி எழுதினாங்க. டிவியும் பத்திரிகைகளும் அதைப் பிடிச்சுக்கிட்டன. 80 சதவீதத்தை ஒட்டி இருந்த கக்குவான் தடுப்பூசி அளவு, சில வருஷத்துல 30 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. 1977–79இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லட்சத்துக்கு மேல் கக்குவான் நோயாளிகள். கைக்குழந்தைகள் இறந்தார்கள்.

வழக்கு லண்டன் உயர் நீதிமன்றம் வரை போச்சு. ஊசிதான் காரணம்னு நிரூபிக்கப்படலைன்னு 1988இல் தீர்ப்பு. சரி, அப்போ எதுதான் காரணம்? அதைச் சொல்வது நீதிபதியின் வேலை இல்லையே. பெற்றோரின் கோபமும் குழப்பமும் அப்படியே இருந்தது.

விடைக்கான முதல் நூல் பிரான்ஸில் இருந்தது. மார்செய் நகரில் வலிப்பு நோய்க் குழந்தைகளைப் பார்த்துக்கிட்டிருந்த சார்லட் டிராவே என்ற பெண் மருத்துவர், 1978லேயே இதே மாதிரி குழந்தைகளைத் தனி நோயாக விவரிச்சிருந்தார். இன்னைக்கு அது அவர் பெயரால் டிராவே சிண்ட்ரோம். 2001இல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் இந்நோய் உள்ள 7 குழந்தைகளைச் சோதிச்சாங்க. ஏழு பேரிடமும் எஸ்சிஎன்1ஏ என்ற ஒரே மரபணுவில் பிழை!

இப்போதான் ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச் ஒரு எளிய கேள்வி கேட்டார். ஊசியால் மூளை கெட்டதுன்னு சொல்லப்பட்டவங்களை இந்த மரபணுவுக்காகச் சோதிச்சா என்ன? 14 பேரில் 11 பேருக்குப் பிழை இருந்தது. 2006இல் முடிவு வெளியாச்சு. ஊசி போட்ட பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னாடி கிளப்பிவிடலாம். ஆனா நோய் கருவிலேயே எழுதப்பட்டது. அந்தக் காய்ச்சல் இல்லைன்னா அடுத்த சளிக் காய்ச்சல்.

உடனே "எங்க பரம்பரையில யாருக்கும் வலிப்பு இல்லையே டாக்டர்"னு கேட்பீங்க. மரபணு நோய் எல்லாமே பரம்பரை நோய் இல்லை. டிராவேயில் பெரும்பாலும் பிழை அந்தக் குழந்தையிடம் புதுசா உருவாகுது. சில குடும்பங்களில் மட்டும் பெற்றோரிடமிருந்து வருது. (மருமகள் வீட்டு ரத்தம்னு பேசுறவங்க கவனிக்கவும்.)

மரபணு தெரிஞ்சதால என்ன லாபம்? இங்கதான் விஷயமே இருக்கு. இந்த மரபணு, நரம்பு செல்லுக்குள் சோடியம் நுழையும் வாசலைக் கட்டுது. பிழையால் அதிகம் பாதிக்கப்படுவது மூளையின் பிரேக் செல்கள். வலிப்புக்கு வழக்கமா எழுதுற கார்பமசெபைன், ஃபெனிடோயின், லாமோட்ரிஜின் மூணும் அதே சோடியம் வாசலை அடைக்கும் மருந்துகள். மற்றவருக்கு அமுதம், இந்தக் குழந்தைக்கு, பாதி அறுந்த பிரேக்கை முழுசா அறுக்கிற வேலை. லாமோட்ரிஜினால் வலிப்பு கூடுதுன்னு 1998லேயே டாக்டர்கள் கவனிச்சிருந்தாங்க. ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சது.

இவங்களுக்கு உதவுவது வால்ப்ரோயேட், குளோபசாம், ஸ்டிரிபென்டால். இன்னொண்ணு சுவாரசியமானது: ஃபென்ஃப்ளுராமின். உடம்பு இளைக்க விற்ற மாத்திரை, இதய வால்வைக் கெடுக்குதுன்னு 1997இல் சந்தையை விட்டுத் துரத்தப்பட்டது. 2020இல் குறைந்த அளவில், இதய ஸ்கேன் கண்காணிப்போட, டிராவே மருந்தாக அமெரிக்காவில் அனுமதி வாங்கித் திரும்பி வந்தது.

ஒரு வயசுக்குள்ள காய்ச்சலோட நீண்ட வலிப்பு, அதுவும் ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம்னு திரும்பத் திரும்ப வந்தா, மரபணு சோதனை தேவையான்னு குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்க. இதைப் படிச்சிட்டு எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்தாதீங்க. திடீர்னு நிறுத்தினாலே வலிப்பு வரும். தடுப்பூசியையும் நிறுத்த வேண்டாம். காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்னு முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கிட்டுப் போடுங்க.