சுடர் காட்டிய தனிமங்கள்

எரிவாயு அடுப்பில் வைத்த பானை பொங்கி வழியும்போது, உப்புக் கலந்த நீர் தீயிற்பட்டு நீலச் சுடர் ஒரு கணம் மஞ்சளாக மாறுவதைக் காணாத இல்லம் இல்லை. தீபாவளி மத்தாப்பின் சிவப்பையும் பச்சையையும் கண்டு கைகொட்டாத சிறுவரும் இல்லை. கண்டவர் கோடிப்பேர், அந்நிறம் எங்கிருந்து வந்தது என வினவியவரோ மிகச் சிலர். அச்சிலரின் வினாதான், எட்டாத் தொலைவிலுள்ள விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை என்று அறியும் வழியை மாந்தர்க்குத் திறந்துவிட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இவ்வரலாறு தொடங்குகின்றது. 1752ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் மெல்வில் என்னும் இளைஞர், எரியும் சாராயத்தில் பலவகை உப்புகளை இட்டு, அச்சுடரை முப்பட்டகத்தின் வழியே நோக்கினார். கதிரவன் ஒளி ஏழு நிறங்களாக விரிவதுபோல் அச்சுடரின் ஒளி விரியவில்லை. மஞ்சள் நிறம் மட்டும் ஓரிடத்தில் ஒடுங்கி நின்றது. அதன் பொருளை ஆராயுமுன், மறு ஆண்டே, தமது இருபத்தேழாம் வயதில் அவர் மறைந்தார். 1758இல் ஜெர்மானிய வேதியியலார் மார்கிராஃப், பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் சோடிய உப்பையும் பொட்டாசிய உப்பையும் சுடரின் நிறங்கொண்டே பிரித்துக் காட்டினார். முன்னது மஞ்சளாகவும் பின்னது இளஊதாவாகவும் எரிந்தன.

ஆயினும் இம்முறையில் ஒரு பெரும் இடர் இருந்தது. எதனை எரித்தாலும் மஞ்சள் நிறம் தலைகாட்டி, ஏனைய நிறங்களை மறைத்தது. காற்றிலும் தூசியிலும் கைவிரலின் வியர்வையிலும் கூடச் சோடிய உப்பு கலந்திருப்பதே அதற்குக் காரணம். இவ்வுண்மையை வில்லியம் ஸ்வான் என்பார் தெளிவுபடுத்தியது 1856இல்தான். அதுகாறும் அம்மஞ்சள் ஒளி அறிஞரைக் குழப்பிய வண்ணமே இருந்தது.

இதற்கிடையில், வேறொரு திசையிலிருந்து ஒரு புதிர் எழுந்தது. இளமையிலேயே பெற்றோரை இழந்து, மியூனிக் நகரில் கண்ணாடித் தொழிலாளி ஒருவரிடம் வேலை பழகிய சிறுவன் ஜோசப் ஃபிரான்ஹோபர். 1801இல் அவன் தங்கியிருந்த வீடு இடிந்து விழ, இடிபாட்டிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டான். பின்னாளில் கண்ணாடி வார்ப்பதில் இணையற்ற வல்லுநராக விளங்கிய அவர், 1814இல் கதிரவனின் நிறமாலையைக் கூர்ந்து நோக்கியபோது, அதன் குறுக்கே நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டார். 574 கோடுகளை எண்ணிக் குறித்தார். அவற்றுள் ஒன்று, விளக்குச் சுடரின் மஞ்சள் கோடு நிற்கும் அதே இடத்தில் நின்றது. அது தற்செயலா, உறவா? விடை காணாமலே 1826இல் அவரும் மறைந்தார்.

1835இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஆகஸ்ட் கோம்ட், மனித அறிவின் எல்லையை வரையறுக்க முற்பட்டார். விண்மீன்களின் தொலைவையும் அளவையும் இயக்கத்தையும் நாம் கணிக்கக்கூடும். ஆனால், அவை எப்பொருளால் ஆனவை என்பதை எக்காலத்தும் அறிய முடியாது என எழுதினார். அக்கூற்றில் பிழை இருப்பதாக அன்று எவருக்கும் தோன்றியிராது. விண்மீனில் ஒரு பிடி மண்ணை அள்ளிவந்து சோதிக்க எவரால் இயலும்?

அவ்வெல்லை உடைந்த இடம் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரம். அங்குப் பேராசிரியராக விளங்கிய ராபர்ட் புன்சன், ஆய்வுக்கூட வெடிவிபத்தொன்றில் ஒரு கண்ணின் பார்வையை முன்பே இழந்தவர். கருவியமைப்பாளர் டெசாகாவின் துணையுடன் 1855இல் அவர் உருவாக்கிய விளக்கு, தனக்கென நிறமில்லாத சுடரைத் தந்தது. அதனால், அதில் இட்ட பொருளின் நிறம் கலப்பின்றித் தெரிந்தது. எனினும் பல உப்புகள் கலந்திருந்தால் வண்ணக் கண்ணாடிகளின் வழியே பார்த்து வேறுபடுத்த வேண்டியிருந்தது. ‘கண்ணாடிக்குப் பதில் முப்பட்டகத்தைப் பயன்படுத்தினால் என்ன?’ என்று அவருடைய நண்பரும் இயற்பியலாருமாகிய குஸ்டாவ் கிர்க்காஃப் கருத்துரைத்தார். ஒரு முப்பட்டகம், தொலைநோக்கியின் பகுதிகள், ஒரு பெட்டி ஆகியவற்றைக் கொண்டு நிறமாலைநோக்கி உருவாயிற்று. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய இடங்களில் ஒளிக்கோடுகளைக் காட்டிற்று. கைரேகை போல் ஒன்றன் கோடுகள் மற்றொன்றற்கு இல்லை.

1859இல் கிர்க்காஃப், சோடியச் சுடர் ஒன்றின் ஊடே கதிரவன் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். சுடரின் மஞ்சள், ஃபிரான்ஹோபர் கண்ட கருங்கோட்டை நிரப்பி மறைக்கும் என அவர் எதிர்பார்த்தார். மாறாக, அக்கோடு முன்னினும் கருத்தது! ஒரு பொருள் எந்த ஒளியை வெளியிடுமோ, அதே ஒளியைத் தன் வழியே வரும்போது உட்கொள்ளவும் செய்யும் என்பது புலனாயிற்று. அப்படியாயின், கதிரவனின் கருங்கோடு எதைக் காட்டுகின்றது? கதிரவனைச் சூழ்ந்த வளியில் சோடியம் உண்டு என்பதையே காட்டுகின்றது. ஒரு பிடி மண்ணும் அள்ளாமல் கதிரவனின் உட்பொருள் அறியப்பட்டது. ‘எக்காலத்தும் முடியாது’ என்றெழுதிய கோம்ட் மறைந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

மண்ணுலகிலும் இக்கருவி மறைபொருள்களை வெளிக்கொணர்ந்தது. 1860இல் டூர்க்கைம் ஊற்றுநீரில் இரு புதிய நீலக்கோடுகளைப் புன்சன் கண்டார். ஏறத்தாழ 44,000 கிலோகிராம் நீரை வற்றவைத்து, அதிலிருந்து ஏழு கிராம் அளவே புதிய உப்பைப் பெற்றார். அத்தனிமமே சீசியம். மறு ஆண்டில் செங்கோடுகளால் ருபீடியமும், பச்சைக்கோட்டால் குரூக்ஸ் கண்ட தாலியமும் வெளிப்பட்டன. 1863இல் தாலியத்தைத் தேடி இண்டியத்தைக் கண்ட ரைஷ், நிறம் பிரித்தறியும் பார்வை இல்லாதவர்; தம் துணைவர் ரிக்டரின் கண்களைக் கொண்டே கருநீலக் கோட்டைக் கண்டறிந்தார். ஒருவர் குறையை மற்றொருவர் நிறைவாக்கிய அரிய நிகழ்ச்சி அது.

1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுக் கதிரவ மறைப்பு, இவ்வாய்வை நம் பகுதிக்குக் கொணர்ந்தது. அந்நாளில் சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத் தலைவர் போக்சனும், வனபர்த்தியில் அவ்வாய்வகத்தின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் நோக்கினர். அந்நிழல் சயாமையும் தொட்டது. மன்னர் மோங்குட்டின் அழைப்பை ஏற்று, நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஹாரி ஓர்ட் அங்குச் சென்றிருந்தார். கதிரவனின் விளிம்பில் எழும் பிழம்புகள் ஒளிக்கோடுகளைக் காட்டுவதைக் கண்ட ஜான்சன், மறைப்பு இல்லாத நாளிலும் அவற்றைக் காணலாம் என உணர்ந்து மறுநாளே செய்து காட்டினார். அதே முறையை இங்கிலாந்தில் லாக்யரும் தனியே கண்டறிந்தார். பிழம்பின் மஞ்சள் கோடு சோடியத்தின் கோட்டோடு பொருந்தவில்லை. இது மண்ணுலகம் அறியாத தனிமம் எனத் துணிந்த லாக்யர், கதிரவனின் கிரேக்கப் பெயரால் அதனை ஹீலியம் என்றழைத்தார். பலர் ஐயுற்றனர். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1895இல், யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து ராம்சே அதனை வெளிப்படுத்தினார். வானில் கண்டது மண்ணில் கிட்டிற்று.

இவ்வரலாற்றில் ‘முடியாது’ என்னும் சொல் மீண்டும் ஒருமுறை ஒலித்தது. 1920இல் இந்திய அறிஞர் மேகநாத சாகா வகுத்த சமன்பாட்டைக் கொண்டு விண்மீன்களின் கோடுகளை ஆராய்ந்த செசிலியா பெய்ன் என்னும் இளம்பெண், அவை பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என 1925இல் கண்டார். அது நடவாதென்று மூத்த அறிஞர் ரஸ்ஸல் உரைக்கவே, தம் முடிவு பெரும்பாலும் உண்மையன்று எனத் தம் ஆய்வேட்டிலேயே அவர் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குப்பின் ரஸ்ஸலே அம்முடிவை ஏற்றுக்கொண்டார்.

கோம்டும் ரஸ்ஸலும் அறிவிற் குறைந்தவர் அல்லர். அறிந்தவர் வாயிலிருந்து வருவதனாலேயே ‘முடியாது’ என்னும் சொல் வலிமை பெறுகின்றது. இளையோரின் கையைக் கட்டிவிடுகின்றது. வகுப்பறையில் ஒரு மாணவன் உப்புத் தோய்த்த கம்பியைச் சுடரில் காட்டி, ‘இந்நிறம் ஏன்?’ என்று கேட்பானாயின், விடை தெரியாவிடினும் அவ்வினாவை அணையாமல் காப்பதே ஆசிரியர் கடன். ஒரு சிறு சுடரின் நிறத்திலிருந்தே விண்மீன்களுக்கு வழி பிறந்தது.