காட்டுயிர் மையத்தில் தன்னார்வப் பணி: யானையைத் தொட முடியாது, அப்புறம் என்னதான் வேலை?

கோட்டுகாலோ பாறசாலையோ, நெய்யாற்றின்கரைப் பக்கம் வீடு. திங்கள் முதல் வெள்ளி வரை லேப்டாப். சனி, ஞாயிறு காட்டுக்காக ஏதாவது செய்யலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், காட்டாக்கடை வழியாகப் போகிற தூரத்திலேயே கோட்டூர் காப்புக்காடு யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. 2006-ல் கேரள வனத்துறை தொடங்கியது. கூட்டத்தைப் பிரிந்த குட்டிகள் முதல் வயதான யானைகள் வரை இங்கே பராமரிக்கப்படுகின்றன. பக்கத்திலேயே 1958-ல் அறிவிக்கப்பட்ட, 128 சதுர கி.மீ. பரப்புள்ள நெய்யாறு வனவிலங்கு சரணாலயம்.

குட்டிக்குப் பால் கொடுக்க விடுவார்களா?

மாட்டார்கள். விடவும் கூடாது. மனிதரிடம் உள்ள காசநோய் வளர்ப்பு யானைகளுக்குத் தொற்றக்கூடியது. குட்டிகள் எவ்வளவு மென்மையானவை என்பதை 2021 ஜூன், ஜூலை மாதங்களில் கோட்டூரே பார்த்தது. யானைகளைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸால் இரண்டு குட்டிகள் அங்கே இறந்தன. அந்த வைரஸ் நம்மிடமிருந்து போவதல்ல. ஆனாலும் புது ஆட்கள், புதுக் கைகள் குட்டிகளிடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ‘செல்ஃபி கிடைக்குமா’ என்பதுதான் உங்கள் முதல் கேள்வி என்றால், டிக்கெட் எடுத்துப் பார்வையாளராகப் போய் வாருங்கள். அதில் தப்பில்லை.

அப்போ என்ன வேலை?

எந்தக் காட்டுயிர் மையத்திலும் வேலையில் பெரும்பங்கு விலங்கைச் சுற்றி நடப்பதுதான். வளர்ந்த யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்னும், 100 கிலோ அளவுக்குச் சாணம் போடும். இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தீவனம் இறக்குவது, சாணம் அள்ளுவது, மழைக்கு முன் வடிகாலைத் தூர்வாருவது, வேலி ஓரத்துக் கொடிகளை வெட்டுவது, நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது. கோடை தொடங்குமுன் தீத்தடுப்புக் கோடுகளில் சருகைக் கூட்டி ஒதுக்குவது தனி வேலை.

களை எடுப்பதை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். உண்ணிச்செடியை எடுத்துக்கொள்வோம். அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆகின்றன. இன்று புல் முளைக்க வேண்டிய இடத்தை அடைத்து நிற்கிறது. மேலாக வெட்டினால் இன்னும் அடர்த்தியாகத் தழைக்கும். மண்ணுக்குச் சில செ.மீ. கீழே வேர்த்தண்டை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அப்போதுதான் மறுபடி வேர் பிடிக்காது. அதுவும் காய்க்கும் முன்பே. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பிவிடும். எடுத்த இடத்துக்கு அடுத்த சில ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய் முளைகளைப் பிடுங்க வேண்டும். ஒருநாள் பேனர் பிடித்துச் செய்து முடிக்கிற வேலை இல்லை இது.

களைதானே, நாமே போய்ப் பிடுங்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. அங்கிருந்து தாவரங்களை அகற்றவும் அனுமதி வேண்டும் என்கிறது 29-வது பிரிவு. நல்ல எண்ணம் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது பொதுவான தண்டனை.

எனவே நேராகப் போய் கேட்டில் நிற்காமல், திருவனந்தபுரம் வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். எந்த நாட்கள், எத்தனை பேர், என்ன வேலை தெரியும் என்று தெளிவாக எழுதுங்கள். வெல்டிங், எலக்ட்ரிகல், குழாய் வேலை தெரிந்தால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? அகத்தியமலை அடிவாரம் காணிக்காரர்களின் ஊர். காட்டுப் பராமரிப்பு பலருக்குத் தினக்கூலி. நீங்கள் இலவசமாகச் செய்வதால் ஒருவரின் ஒரு நாள் கூலி போகிறதென்றால், அது சேவை இல்லை. அவர்களோடு சேர்ந்து, அவர்கள் சொல்படி, ஆள் போதாத வேலையைச் செய்வதே சரி என்பது என் கருத்து.

உடம்புக்கு என்ன கவனம்?

முழங்கால் வரை கம்பூட்ஸ், கையுறை கட்டாயம். இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் காடுகளிலும் சருகுக்குள் கிடக்கும் சின்னப் பாம்பு ஒன்று உண்டு. மலையாளத்தில் ‘முழமூக்கன் குழிமண்டலி’. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குத்தான். இதன் கடிக்கு அது பயன்படாது. சருகைக் கையால் அள்ளாதீர்கள், கம்பால் கிளறுங்கள். சேற்றில் இறங்கும் வேலை என்றால் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி முன்பே டாக்டரிடம் கேளுங்கள். காலில் புண் இருந்தால் அந்த வாரம் வேண்டாம்.

அனுமதி கிடைக்கத் தாமதமானால்?

விடுப்பு கிடைத்தால் சென்னைப் பக்கம் யோசிக்கலாம். 1976-ல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணை தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. கடலாமைகளுக்காக 1988 முதல் இயங்கும் மாணவர் அமைப்பு, ஜனவரி முதல் சில மாதங்கள் இரவில் கடற்கரை நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறது. நடக்கும் தூரம் கிலோமீட்டர் கணக்கில். சில இரவுகளில் ஒரு முட்டைகூடக் கிடைக்காது.