கைபேசியும் கல்லூரி மாணவரும்

கல்விக்குப் புதியதொரு கருவி வாய்க்கும்போதெல்லாம், அது மாணவரை வளர்க்குமா, கெடுக்குமா என்ற ஐயமும் உடன் எழுகிறது. பெங்களூரில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் இன்று கைபேசியைக் குறித்து அந்த ஐயமே எழுந்துள்ளது. இதற்கு அண்மைக்கால வரலாறு தரும் விடையைக் காண்போம்.

கன்னட நாட்டுக்குக் கருவிவழிக் கல்வி புதிதன்று. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே ஏவப்பெற்ற எடுசாட் செயற்கைக்கோளின் வழியாக, விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளுக்குப் பாடங்களை அனுப்பிற்று. ஆயினும் குறித்த வேளையில், குறித்த கூடத்தில் மாணவர் அமர்ந்திருத்தல் வேண்டும். கைபேசியோ, அவ்வேளையை வகுக்கும் உரிமையை மாணவரிடமே அளித்துவிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகளை, இன்று மாணவர் ஒருவர் பேருந்தில் அமர்ந்தே கேட்கலாம்; விளங்காத இடத்தில் நிறுத்தி மீண்டும் கேட்கலாம்.

பிற நாட்டு மாணவர் இதனை எவ்வாறு நோக்கினர்? ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவருக்கு ஆங்கிலச் சொற்பாடங்களைக் கைபேசியில் அனுப்பிப் பார்த்த தார்ன்டன், ஹவுசர் ஆகிய இருவரும் தம் ஆய்வை 2005-இல் வெளியிட்டனர். கணினியைவிடக் கைபேசியில் பாடம் பெறுவதையே மாணவருட் பெரும்பாலோர் விரும்பினர். தென்னாப்பிரிக்காவிலோ, பிரிட்டோரியா பல்கலைக்கழகம் 2002 முதல், நாட்டுப்புறத்திலிருந்து அஞ்சல்வழி பயின்ற ஆசிரியர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிற்று. மின்னஞ்சல் எட்டாத அவர்களிடமும் கைபேசி இருந்தது. இருசாராரும் கைபேசியை வரவேற்றனர். ஆனால் முன்னவருக்கு அது வசதி, பின்னவருக்கு அதுவே வழி.

இவ்விரு நிலைகளையும் பெங்களூரின் ஒரே வகுப்பறையில் காணலாம். 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. கணினியும் தனி அறையும் உடையவருக்குக் கைபேசி இரண்டாம் துணை. தமையனும் தங்கையுமாக ஒரே கைபேசியைப் பகிர்ந்துகொண்ட வீட்டிலோ, அதுவே கல்லூரி வாயில்.

ஆகவே, அதனைப் பூட்டி வைக்கும் விதி எல்லோரையும் ஒன்றுபோலத் தாக்குவதில்லை. கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி ஒன்றில், மாலை 6 மணி முதல் 10 மணி வரை கைபேசியைத் தொடலாகாது என்ற விதியை ஒரு மாணவி ஏற்க மறுத்தார், விடுதியினின்று நீக்கப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் எனத் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் சேர்க்கப் பணித்தது.

பெற்றோரின் அச்சம் பொய்யன்று. பாடம் வரும் வழியிலேயே கேளிக்கையும் வருகிறது. எனினும், பறித்து வைக்குமுன் நாம் நம் மக்களிடம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: ‘இஃது உனக்கு வசதியா, வழியா?’ விடையறிந்து விதி வகுப்பதே முறையாகும்.