ஆங்கிலச் சொல்லீறு இரண்டின் வரலாறு

மலைநாட்டுத் தோட்டங்களிலே பெரியதுரை, சின்னதுரை எனத் தொழிலாளர் வழங்கும் இருவரையும் ஆங்கிலம் முறையே சூப்பரின்டென்டன்ட், அசிஸ்டன்ட் சூப்பரின்டென்டன்ட் என்னும். சூப்பரின்டென்டன்ட், அசிஸ்டன்ட் ஆகிய இரு சொற்களின் ஈறும் செவிக்கு ஒன்றே. எழுதுங்கால் முன்னதன் ஈற்றில் 'ஈ' எழுத்தும், பின்னதன் ஈற்றில் 'ஏ' எழுத்தும் வரல் வேண்டும். திம்புள்ளப் பகுதி மாணாக்கர் இவ்விடத்து இடர்ப்படுதல் இயல்பே. இவ்வேற்றுமை எங்ஙனம் எழுந்தது?

இலத்தீன் வினைச்சொற்கள் நால்வகைப்படும். முதல் வகையின் நிகழ்கால எச்சம் 'ஏ' உயிரையும், ஏனையவற்றின் எச்சம் 'ஈ' உயிரையும் பெற்றன. பழைய பிரெஞ்சு மொழியோ இவ்வேறுபாட்டைக் களைந்து, எல்லாவற்றிற்கும் 'ஏ' ஈற்றையே பொதுவாக்கிற்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்திற் பெருகின. பிற்காலத்து அறிஞர் இலத்தீனிலிருந்து நேரே சொற்களைக் கொணர்ந்தபோது, பழைய 'ஈ' மீண்டும் புகுந்தது. அசிஸ்டன்ட் பிரெஞ்சு வடிவைத் தழுவியது. சூப்பரின்டென்டன்ட் இலத்தீன் வடிவைப் பேணியது. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், டிபென்டன்ட் என்னும் சொல் இருவகையாகவும் எழுதப்படுதலைக் கண்டு, எழுதுவோன் மனத்தில் நிற்கும் மொழிக்கேற்ப ஈறு மாறும் என்றார். இன்று பிரித்தானிய வழக்கில், பிறரைச் சார்ந்து வாழ்பவரைக் குறிக்கும் பெயர்ச்சொல் 'ஏ' பெறும். சார்ந்த என்னும் பொருள்தரும் அடைமொழி 'ஈ' பெறும்.

மாணாக்கர்க்கு ஒரு வழியுண்டு. இனச்சொல்லை நோக்குக. அப்ளிகேஷன், இமிக்ரேஷன் என 'ஏஷன்' ஈற்றுச் சொல் உளதாயின், அப்ளிகன்ட், இமிக்ரன்ட் என்பன பெரும்பாலும் 'ஏ' பெறும். ரெசிடென்ஷியல் என்பதில் 'எ' ஓசை தெளிவாகக் கேட்கும். ஆதலின் ரெசிடன்ட் 'ஈ' பெறும். அசிஸ்டன்ட் போன்றவை இவ்விதிக்குள் அடங்கா; அவற்றை மனனஞ் செய்தலே வழி.

இஃது எழுத்துப் பிழை பற்றிய சிறுபொருளன்று. 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றோராயினர். 1949-இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ரெசிடன்ட் என்னும் சொல் நிற்கின்றது. அதன்கீழ் விண்ணப்பித்தோர் அப்ளிகன்ட் ஆயினர். அவருட் பெரும்பாலாரின் கோரிக்கை மறுக்கப்பட்டது. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே பிரஜாவுரிமை வழங்கிற்று. குடிவந்தோர், வதிவோர், விண்ணப்பித்தோர், சார்ந்தோர் என நம் முன்னோரின் வாழ்வைப் பிறர் இச்சொற்களால் எழுதினர். அவற்றைப் பிறர் துணையின்றிப் படிக்கவும் பிழையற எழுதவும் நம் மாணாக்கர் வல்லராதல் வேண்டும்.